கல்லுக்குள் கால்சியம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உணவில் கால்சியம் அதிகம் சேர்ப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் குறைவாகவே வருகிறது என்று அமெரிக்க மருத்துவர் கேரி கர்ஹன் 1993இல் வெளியிட்ட ஆய்வு பற்றிய உங்கள் கட்டுரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குப் போன வருடம் கல் வந்தது. கால்சியம் ஆக்சலேட் என்று பரிசோதனையில் தெரிந்தது. அன்றிலிருந்து பால், தயிர் எதையும் தொடுவதில்லை. “கல்லே கால்சியம்தானப்பா, அதையே சாப்பிடச் சொல்றாரா உங்க எழுத்தாளர்?” என்கிறார். எனக்கும் ஒரு சந்தேகம். கர்ஹன் செய்தது கணக்கெடுப்புதானே? பால் குடிப்பவர்கள் பொதுவாகவே உடம்பைப் பேணுகிறவர்களாக இருக்கலாம் அல்லவா?

கே.

அன்புள்ள கே,

அப்பா கேட்டது நானும் கேட்டதுதான். முதல் கல் வந்தபோது யாரும் சொல்லாமலே நானாகப் பாலை நிறுத்தினேன். அவ்வளவு பொருத்தமாகத் தோன்றியது. மருத்துவர்களுக்கும் நெடுங்காலம் அப்படித்தான் தோன்றியது. கால்சியம் குறைந்த உணவைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

கல்லின் இன்னொரு பாதியான ஆக்சலேட்டை எல்லாரும் மறந்துவிட்டோம். பசலைக்கீரை, பாதாம் போன்றவற்றில் அது நிறைய உண்டு. கல்லீரலும் தன் பங்குக்கு உண்டாக்குகிறது. அதைச் சிதைக்கும் நொதி நம் உடலில் இல்லை, வெளியேற்றத்தான் வேண்டும். உணவில் வரும் ஆக்சலேட் குடலில் கால்சியத்தைச் சந்தித்தால் கரையாத உப்பாகி மலத்தோடு போய்விடும். சந்திக்காவிட்டால் ரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வரும். அங்கே கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. நீங்கள் பாலை நிறுத்தினாலும், கால்சியத்தைக் கொடுக்க எலும்பு இருக்கிறதே.

கர்ஹன் குழுவினர் அதுவரை கல் வராத, 40 முதல் 75 வயதுள்ள 45,619 ஆண்களை 4 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 505 பேருக்குக் கல் வந்தது. உணவில் கால்சியம் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பகுதியினருக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

உங்கள் சந்தேகம் நியாயமானது. வயது, குடிக்கும் நீர் எல்லாவற்றையும் கணக்கில் சரிக்கட்டியிருக்கிறார்கள் என்றாலும், கணக்கெடுப்பு கணக்கெடுப்புதான். ஆனால் 1997இல் அதே குழு பெண்களிடம் கண்டதைப் பாருங்கள். உணவில் வரும் கால்சியம் அங்கும் கல்லைக் குறைத்தது. கால்சியம் மாத்திரை போட்டவர்களுக்கோ ஆபத்து 20 சதவீதம் கூடியது. மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களும் உடம்பைப் பேணுகிறவர்கள்தானே! வெறும் அக்கறைதான் காரணம் என்றால் அவர்களும் தப்பியிருக்க வேண்டும். மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியே விழுங்கியதால், குடலில் ஆக்சலேட்டைப் பிடிக்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் ஊகம். எனக்கு அது ஏற்புடையதாக இருக்கிறது.

அதைவிட வலுவான சான்று இத்தாலியின் பார்மாவிலிருந்து வந்தது. லோரென்சோ போர்கி 2002இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பக் கல் வருகிற, சிறுநீரில் கால்சியம் அதிகமுள்ள 120 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 60 பேருக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் கால்சியம்தான். மற்ற 60 பேருக்கு 1,200 மில்லிகிராம், கூடவே உப்பும் இறைச்சியும் குறைவு. 5 ஆண்டுகளில் முதல் அணியில் 23 பேருக்கு மறுபடி கல், இரண்டாவதில் 12 பேருக்கு. சிறுநீரில் கால்சியம் இரு அணியிலும் இறங்கியது. ஆக்சலேட் மட்டும் முதல் அணியில் நாளுக்கு 5.4 மில்லிகிராம் ஏறியது, இரண்டாவதில் 7.2 இறங்கியது. சாதாரணமாக ஒரு நாளில் 40 மில்லிகிராம் அளவுக்குள் நிற்கிற பொருள் அது, ஆகவே இந்த ஏற்ற இறக்கம் சின்னதல்ல.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, நீங்களே கேட்டுவிடுவீர்கள். உப்பையும் இறைச்சியையும் சேர்த்தே குறைத்ததால், பெருமை முழுவதையும் கால்சியத்துக்குக் கொடுக்க முடியாது. உப்பிலுள்ள சோடியம் சிறுநீரில் போகும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அப்பாவிடம் பாலைப் பற்றி வாதாடுவதை விட்டு, எவ்வளவு உப்பு சேர்க்கிறார் என்று கேளுங்கள். தண்ணீரைப் பற்றி அவருக்கே தெரிந்திருக்கும்.

பால், தயிர் எதுவானாலும் சாப்பாட்டோடு சேர்த்து. அதற்கு முன் மருத்துவரிடம் 24 மணிநேரச் சிறுநீர்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அப்பாவின் சிறுநீரில் கூடியிருப்பது எது என்று அதில்தான் தெரியும். ஒரு நாள் முழுக்கக் கேனும் கையுமாக அலைய வேண்டும். நானும் அலைந்திருக்கிறேன்.