வாடகைக் குடிலில் பிர்ச் மரச் சாறு இறக்கலாமா?

பின்லாந்தின் தம்பெரே நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர், ஏப்ரல் விடுமுறைக்காக ஏரிக்கரைக் குடில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். சுற்றிலும் உள்ள, வெண்மையான அடிமரம் கொண்ட பிர்ச் மரங்களில் பிள்ளைகளுடன் சாறு இறக்கவும், கூடை முடையப் பட்டை உரிக்கவும் ஆசைப்படுகிறார். ‘காட்டில் எல்லோருக்கும் உரிமை உண்டு’ என்று சொல்லி ஒருவர் கட்டணப் பயிற்சிக்கு அழைக்கிறாராம். சட்டச் சிக்கல் வருமா என்று கேட்கிறார்.

அனுமதி பெறாவிட்டால் வரும். அந்த உரிமை பெர்ரிப் பழம், காளான், பூ, தரையில் விழுந்து காய்ந்த சுள்ளி போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. நிற்கும் மரத்தின் சாறு, பட்டை, கிளை, இலை எதை எடுப்பதற்கும் நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அரசுக் காட்டிலும் அப்படித்தான்.

குடிலுக்குக் கொடுத்த வாடகை மரத்துக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணிவிடாதீர்கள். குடிலை விடுபவரே நிலத்துக்கும் சொந்தக்காரர் என்பது உறுதியில்லை. அந்த நிலம் இறந்துபோன ஒருவரின் பாகம் பிரிக்கப்படாத சொத்தாக இருந்தால், வாரிசுகளில் ஒருவர் மட்டும் தலையசைத்தது செல்லாது. தெற்கே இருக்கும் அண்ணன், வெளிநாட்டில் இருக்கும் தங்கை என்று அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். நில அளவைத் துறையின் இணைய வரைபடத்தில் மனையின் எல்லையும் எண்ணும் எவருக்கும் தெரிகின்றன. உரிமையாளரின் பெயரையோ தனியே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. பனி உருகியதிலிருந்து மொட்டு விரியும்வரை சில வாரங்களே சாறு ஊறும் என்பதால், முறையாகக் கேட்க நினைப்பவர் அலைந்து முடிப்பதற்குள் பருவமே போய்விடுகிறது, கேட்காமல் துளையிடுபவருக்கோ எந்த இடைஞ்சலும் இல்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

பயிற்சி நடத்துபவரிடம் மனை எண்ணுடன் எழுத்து மூலமான அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஏப்ரலில் பட்டை உரிக்கக் கற்றுத்தருவதாகச் சொல்பவருக்குத் தொழிலே தெரியாது. வெளிப்பட்டை ஜூன் கடைசியை ஒட்டித்தான் தானாகக் கழன்று வரும்; அதற்கு முன் கத்தியால் நெம்பினால் உள்பட்டை அறுபடும், அது சுற்றிலும் அறுபட்டால் மரம் பட்டுப்போகும். சரியாக உரித்தாலும் வெண்மையான அடிமரம் கறுத்து, அந்தத் தழும்பு பல ஆண்டுகள் நிற்கும். அதனால்தான் நல்ல கைவினைஞர்கள் வெட்டப்படவிருக்கும் மரத்தையே தேடுகிறார்கள். மலிவான ‘பிர்ச் பாகு’ விற்பவரிடமும் எச்சரிக்கை தேவை: சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய 1 சதவீதமே என்பதால், ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 100 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால், பருத்த மரமாகப் பார்த்து இடுப்புயரத்தில் 1 செ.மீ. அகலமும் 4 செ.மீ. ஆழமும் கொண்ட ஒரே துளையைச் சற்று மேல்நோக்கிய சாய்வில் போட்டு, குழாயைச் செருகிச் சுத்தமான கலனில் விடுங்கள். பதநீரின் தித்திப்பை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் போலத் தெளிவாக, நாக்கில் மெல்லிய இனிப்பாக மட்டும் இருக்கும். குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாட்களில் புளித்துவிடுமாதலால், மீதியை அன்றே உறையவைத்துவிடுங்கள்.