விற்பவரின் வீட்டுக்கடனை வாங்குபவர் அடைக்கலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் 72 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு பேசி முடித்திருக்கிறோம். விற்பவருக்கு அந்த வீட்டின் மேல் 31 லட்சம் வங்கிக்கடன் பாக்கி. அசல் பத்திரங்கள் வங்கியில் இருக்கின்றன. "31 லட்சத்தை அட்வான்ஸாகக் கொடுங்கள், கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்டுவிட்டுக் கிரயம் செய்து தருகிறேன்" என்கிறார். எங்கள் கையில் 34 லட்சம் இருக்கிறது, மீதி 38 லட்சத்துக்கு நாங்களும் கடன் வாங்கப்போகிறோம். கொடுக்கலாமா?

பதில்: கடன் பாக்கி உள்ள வீட்டை வாங்குவதில் தவறில்லை. நகரங்களில் கைமாறும் அடுக்குமாடி வீடுகளில் பல இப்படித்தான் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் அந்த 31 லட்சத்தை விற்பவரின் சேமிப்புக் கணக்கில் போடாதீர்கள். பணம் நேராக அவருடைய கடன் கணக்குக்குப் போக வேண்டும். அதுவும் உங்கள் வங்கி பச்சைக்கொடி காட்டிய பிறகுதான்.

பலரும் வரிசையை மாற்றிச் செய்து மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது விஷயத்தில்தான். விற்பவரின் கடனை அடைத்துவிட்டு உங்கள் வங்கிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் பொருந்தவில்லை என்றோ, தாய்ப்பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து விடுபட்டிருக்கிறது என்றோ சொல்லி உங்கள் 38 லட்சத்தை வங்கி மறுத்துவிட்டால், கையிலிருந்த பணமும் போய், வீடும் வராமல் நிற்பீர்கள். எனவே வங்கியில் இருக்கும் பத்திரங்களின் பட்டியலையும் நகல்களையும் விற்பவர் மூலம் முதலில் வாங்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து சான்றிட்ட நகல்கள் எடுத்து அவற்றோடு ஒப்பிடுங்கள். இவற்றை உங்கள் வங்கியில் கொடுத்து, வழக்கறிஞர் கருத்து, பொறியாளர் மதிப்பீடு இரண்டும் முடிந்து கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரட்டும். அதுவரை இரண்டு லட்சத்துக்கு மேல் அட்வான்ஸ் வேண்டாம். அதையும் வங்கி வழியாகவே கொடுங்கள். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே விற்பவருக்கு அபராதம் வரும்.

வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாதீர்கள். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடனுக்கு எம்ஓடி எனப்படும் பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிவாகியிருந்தால் தெரியும், பதிவாகாமல் இருந்தால் தெரியாது. சொத்துகளின் மேலுள்ள அடமானங்களைப் பதிந்து வைக்கும், செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவேட்டில் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் தேடலாம். அதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் இதைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். பிறகு இன்னொருவருக்கு விற்கப் பார்த்தால் உங்கள் ஒப்பந்தம் கண்ணில் படும். விற்பவர் இதற்குத் தயங்கினால் அந்தத் தயக்கத்திலும் நியாயம் உண்டு. பேரம் முறிந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய நீங்களும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமே! ரத்துக்கான விதிமுறையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

ஒப்பந்தத்தில் கடன் கணக்கு எண், வங்கிக் கிளை, நீங்கள் அங்கே செலுத்தப்போகும் தொகை மூன்றும் இருக்க வேண்டும். அந்தத் தொகை கிரயத் தொகையின் ஒரு பகுதி என்றும் எழுதுங்கள். "வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்ற வழக்கமான வரியை அப்படியே விடாதீர்கள். இரண்டு லட்சம் மட்டுமே அட்வான்ஸ், கடனுக்குக் கட்டிய 31 லட்சத்தை எந்த நிலையிலும் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று பிரித்து எழுதுங்கள். காலக்கெடு 90 நாளாவது இருக்கட்டும். கடன் முழுதும் அடைந்த பிறகு பத்திரங்களைத் திருப்பித் தர வங்கிக்கு ரிசர்வ் வங்கி தரும் அவகாசமே 30 நாள். வங்கியின் தவறால் அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் கடன்தாரருக்கு வங்கி இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

கடனை முடிக்கும் தொகைக்கான கடிதத்தை விற்பவர் வங்கியிடமிருந்து வாங்கித் தர வேண்டும். அதில் எந்தத் தேதி வரையிலான தொகை, நாள் வட்டி எவ்வளவு என்று பாருங்கள். 8.5 சதவீத வட்டியில் 31 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி சுமார் 720 ரூபாய். நான்கு நாள் தள்ளிக் கட்டினால் கிட்டத்தட்ட 2,900 ரூபாய் குறையும். அந்தச் சின்னத் தொகைக்காகக் கணக்கு மூடப்படாமல் பத்திரம் அங்கேயே கிடக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, வீட்டுக்கடனுக்கு மேல் கூடுதலாக எடுக்கும் டாப்-அப் கடன். அது தனிக் கணக்கு எண்ணில் ஓடும். இதே வீட்டைக் காட்டி எடுத்த தொழில் கடனும் இருக்கலாம். ஒரு கணக்கை மட்டும் அடைத்தால் வங்கி பத்திரத்தை விடாது. "இந்தச் சொத்தின் மேல் உள்ள எல்லாக் கடன்களும் இவ்வளவுதான், இதைக் கட்டினால் அசல் பத்திரங்கள் தரப்படும்" என்று எழுத்தில் வாங்குங்கள். மிதக்கும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக்கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணம் கிடையாது.

விலை 50 லட்சத்தைத் தொட்டாலே விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வாங்குபவர் டிடிஎஸ்ஸாக, அதாவது விற்பவர் கணக்கிலான வருமான வரியாக, பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு மொத்தம் 72,000 ரூபாய். வங்கிக்குப் போகும் பணத்துக்கும் இது உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடன் கணக்கில் 31 லட்சம் குறையாமல் சேர வேண்டுமானால், அந்தத் தவணையை 31,31,313 ரூபாய் என்று வைத்து 31,313 ரூபாயைப் பிடித்தம் செய்யுங்கள். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். விற்பவரின் பான் ஆதாருடன் இணையாமல் செயலிழந்திருந்தால் 20 சதவீதம் பிடிக்க வேண்டிவரும். முதல் அட்வான்ஸுக்கு முன்பே சரிபாருங்கள். அவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் கணக்கே வேறு, ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அசல் பத்திரங்களை வங்கி கடன்தாரரிடம்தான் கொடுக்கும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் கடன் இருந்தால் இருவரும் போக வேண்டும். அன்றைக்கு நீங்களும் கூடவே போய்ப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதித் தரும், எம்ஓடி ரத்துக்கான ரசீது ஆவணத்தில் வங்கித் தரப்பில் யார், என்றைக்குக் கையெழுத்திடுவார் என்பதை முன்பே பேசி, அதே நாளில் கிரயத்தையும் வைத்துக்கொள்ளப் பாருங்கள். முதலில் ரசீது ஆவணம் பதிவாகட்டும், அடுத்தது கிரயப் பத்திரம். பத்திரம் விற்பவர் கையில் தனியாக இருக்கும் நாட்கள் குறையக் குறைய உங்களுக்கு நல்லது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என 6.48 லட்சம் தனியாக வேண்டும். 34 லட்சத்துக்குள் இதையும் எண்ணியிருந்தால் பணம் போதாது. அப்படியானால் விற்பவருக்குக் கடன் கொடுத்த வங்கியிலேயே நீங்களும் கடன் கேளுங்கள். பத்திரம் வெளியே போகாமலே அவர்கள் கணக்கை மாற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பதிவு முடிந்து சில நாளில் புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து எம்ஓடி ரத்தும் உங்கள் கிரயமும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். செர்சாயில் பழைய பதிவை வங்கி நீக்கியதையும் உறுதிசெய்யுங்கள். சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றத்துக்கு விற்பவரின் கையெழுத்தை, கடைசித் தவணையைக் கொடுக்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.