மின்சாரக் கார் வாங்கினால் உண்மையில் மிச்சமா? எட்டு வருஷத்தில் பேட்டரி போய்விடுமா?

கேட்டவர் தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடுகிறாராம். பழைய மைவி பெட்ரோல் காரைத் தள்ளிவிட்டு மின்சாரக் கார் எடுக்கலாமா, எட்டாவது வருஷம் பேட்டரிக்கென்று ஒரு கார் விலையைக் கேட்பார்களா என்பது அவர் கேள்வி.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். வேலை ஈப்போவில், போக வர 56 கிலோமீட்டர். 2023 நவம்பரில் ஒரு சீனத் தயாரிப்பு மின்சாரக் கார் எடுத்தேன், ஒரு லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்றுக் குறைவு. இருபத்தேழு மாதத்தில் 62,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. என் அப்பா லிந்தாங் ரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். செக்ரோல் என்கிற கூலிக் கணக்கு எழுதிய கை அது. வீட்டுக்கு ஒரு கட்டி சவர்க்காரம் வாங்கினாலும் நோட்டில் ஏற வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கீழே என் கார்ச் செலவு என்று வருவதெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான்.

சுருக்கமாகச் சொன்னால், பேட்டரியைப் பற்றிய பயம் முக்கால்வாசி வீண். பணம் ஒழுகுகிற ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அது காரின் மறுவிலை, திரும்ப விற்றால் கிடைக்கிற தொகை.

பேட்டரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன தீபாவளிக்கு முந்தின வாரம், காலை ஆறு மணி. கார் திறக்கவே இல்லை. கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் சாவித் துவாரத்தைத் தேடிக் கதவைத் திறந்தால் உள்ளே திரை கருப்பு. எதிர்வீட்டு மச்சான் மைவியைச் சூடேற்றிக்கொண்டே, "என்ன மச்சான், பேட்டரி அவுட்டா?" என்றார். அன்று மாலைக்குள் கோப்பிக்கடையில் கதை வளர்ந்துவிட்டது: என் கார் பேட்டரி செத்ததாம், நாற்பதாயிரம் கேட்கிறார்களாம். நடந்தது என்னவென்றால், டவுனில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் சீன ஃபோர்மேன் ஜம்பர் வயரோடு வந்தார், முன்பக்கம் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினார், கார் கண் விழித்தது. எல்லாக் காரிலும் இருக்கிற அதே சின்னப் பேட்டரிதான். பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்சைப் போடுவதற்கே அந்த 12 வோல்ட் வேண்டும். அது படுத்தால் அடியில் 45 யூனிட் மின்சாரம் இருந்தும் கார் கல்தான். புதுசு 280 வெள்ளி. மின்சாரக் காருக்குப் பேட்டரி மாற்றினேன் என்று நானும் இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

சரி, பெரிய பேட்டரி? வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை வைக்கிறேன். 10 சதவீதம் வரை ஓட்டிவிட்டு, வீட்டில் நூறு வரை ஏற்றி, சார்ஜர் காட்டும் யூனிட்டைக் குறித்துக்கொள்வேன். புதிதில் 44.6 யூனிட் இழுத்தது. இந்த ஜனவரியில் 42.5. ஏறக்குறைய 5 சதவீதம் போயிருக்கிறது. ஜியோடாப் என்கிற வாகனக் கண்காணிப்பு நிறுவனம் ஆயிரக்கணக்கான மின்சாரக் கார்களின் தரவை வைத்துச் சராசரி தேய்மானம் ஆண்டுக்கு 2.3 சதவீதம் என்று 2019இலும், 1.8 சதவீதம் என்று 2024இலும் சொன்னது. என் கார் அந்தக் கணக்கோடு ஒத்துத்தான் போகிறது.

பிறகு ஏன் இந்தப் பயம்? பழைய நிசான் லீஃப்தான் பெரும்பாலும் காரணம். அதன் பேட்டரிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது, அடிக்கிற காற்றுதான். அமெரிக்காவின் அரிசோனா போன்ற வெயில் ஊர்களில் சில வருஷங்களிலேயே அதன் தூரம் மளமளவென்று குறைந்தது. நம் ஊருக்கும் அது 2013 வாக்கில் வந்தது, ஆகவே கேட்ட கதைகள் பொய்யில்லை. இப்போது வருகிற கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு உண்டு. பலவற்றில் எல்.எஃப்.பி. வகை வேதியியல். இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த இந்த வகை, நிக்கல் வகையைவிட அதிகத் தடவை ஏற்றி இறக்கத் தாங்கும்.

எல்.எஃப்.பி.யிலும் ஒரு குணக்கேடு உண்டு. சார்ஜ் இறங்க இறங்க வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்பதால், மீதி எவ்வளவு என்று காருக்கே சரியாகத் தெரியாது. அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் அது கணக்கைச் சரிசெய்துகொள்ளும். "எண்பதோடு நிறுத்துங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாலு மாதம் நூறு ஏற்றாமல் விட்டேன். ஒருநாள் ஈப்போவிலிருந்து திரும்பும்போது செம்மோர் தாண்டியதும் 18 என்று காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று 9க்கு விழுந்தது. ஏர்கோனை அணைத்து, லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வீடு சேர்ந்தேன். இப்போது வார நாளில் எழுபது, எண்பது. ஞாயிறு காலையில் நூறு.

உத்தரவாதத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பெரும்பாலான கார்களுக்கு எட்டு வருஷம் அல்லது 160,000 கிலோமீட்டர், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பார்ப்பார்கள். எல்லோரும் எட்டு வருஷத்தைத்தான் பேசுகிறார்கள். என் ஓட்டத்துக்கு 160,000 ஆறு வருஷத்துக்குள் வந்துவிடும். கேட்டவரும் என்னைப் போல ஓடுகிறவர் என்றால் அவருக்கும் அப்படித்தான். ஆனால் 70 சதவீதம் என்பது சாவு இல்லை. இன்று நிஜத்தில் 290 கிலோமீட்டர் போகிற கார் அன்று 200 போகும். ஈப்போவுக்கு மூன்று தடவை போய் வரலாம். பேட்டரி விலையும் இறங்கிக்கொண்டே வருகிறது. புளூம்பெர்க்கின் ஆய்வுப் பிரிவு 2024இல் சொன்ன உலகச் சராசரி ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர். அது தொழிற்சாலை விலை, நம் கையில் அந்த விலைக்கு வராது. இருந்தாலும் கோப்பிக்கடைக் கணக்கும் நிஜமும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள உதவும்.

இனி ஓட்டுகிற செலவு. இங்கேதான் நம் நாடு வேறு. மற்ற நாட்டு யூடியூபர்கள் சொல்கிற மிச்சம் இங்கே கிடைக்காது, ஏனென்றால் நம் எண்ணெய் மலிவு. 2025 செப்டம்பர் கடைசியில் புடி95 என்கிற மானியத் திட்டம் வந்தபோது குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர் வரை. மச்சான் மைவி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. அப்படியானால் கிலோமீட்டருக்கு 13 சென். மாதம் நான் ஓடுகிற 2,300 கிலோமீட்டருக்கு எண்ணெய் என்றால் 305 வெள்ளி.

வீட்டில் சார்ஜ் செய்தால்? 2025 ஜூலையிலிருந்து மின்சார நிறுவனமான தெனாகாவின் புதுக் கட்டணத்தில் எரிசக்தி, கொள்ளளவு, கம்பிவடக் கட்டணம் மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென், மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருந்தால். நேரத்தைப் பார்த்து வசூலிக்கும் திட்டத்தில் சேர்ந்தால் இரவு பத்து மணிக்கு மேல் இன்னும் இரண்டரை சென் குறையும். எனக்கு மாதம் 370 யூனிட் போகிறது. யாரும் சொல்லாத ஒன்று: காரைச் சேர்த்தால் வீட்டு பில் 600 யூனிட்டைத் தாண்டும். தாண்டினால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம், மேலே போன யூனிட்டுக்கு 8 சதவீத சேவை வரி, குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தருகிற கழிவும் சுருங்கும். எல்லாம் சேர்த்து என் காருக்கு மாதம் 175 வெள்ளி. ஆக மிச்சம் 130. பரவாயில்லை, ஆனால் துள்ளிக் குதிக்கிற தொகை இல்லை.

ஹைவே ஓரத்து வேகச் சார்ஜரில் போட்டால் கதை தலைகீழ். தாப்பா பக்கம் நான் கட்டியது யூனிட்டுக்கு 1.40 வெள்ளி. ஹைவே வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் தின்னும். கணக்குப் போடுங்கள், கிலோமீட்டருக்கு 24 சென். மைவியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பெருநாள் சமயம் என்றால் வரிசையில் காத்திருக்கிற நேரம் வேறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வீட்டு வாசலில் சொந்தமாகப் பிளக் போட வழியில்லாதவர், மாடி வீட்டில் இருக்கிறவர், இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடலாம்.

அந்தப் பிளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தாமான் (குடியிருப்பு) வீடு தொண்ணூறுகளில் கட்டியது. முதல் இரண்டு மாதம் வாசல் சுவரில் இருந்த சாதாரண மூன்று முள் பிளக்கில்தான் இரவெல்லாம் போட்டேன். ஒருநாள் காலையில் கழற்றும்போது சூடு விரலைச் சுட்டது. பிளக் ஓரம் ரொட்டி கருகினாற்போலப் பழுப்பு, மெல்லிய நாற்றம். வயர்மேன் வந்து சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார், உள்ளே வயரின் தோல் நொறுங்கி உதிர்ந்தது. பழைய வயரில் பத்து மணி நேரம் விடாமல் 10 ஆம்ப் ஓடினால் அப்படித்தானாம். தனி லைன் இழுத்து 7 கிலோவாட் சார்ஜர் மாட்ட 3,200 வெள்ளி. நான் விலையைக் குறைக்கப் பார்த்தேன். "ஆனையே வாங்கிட்டிங்க அண்ணே, அங்குசத்துக்கு ஏன் பேரம்?" என்று சிரித்தார். உண்மையைச் சொன்னால் என் தினசரி ஓட்டத்துக்கு 7 கிலோவாட் தேவையில்லை. ஒன்பது யூனிட் சமாச்சாரம். நல்ல வயரில் தனி லைன் இழுத்த ஒரு பிளக்கே ராத்திரிக்குள் முடித்துவிடும்.

சர்வீஸ் மலிவு. கறுப்பெண்ணெய் (இன்ஜின் ஆயில்) மாற்றுகிற வேலை இல்லை, வருஷம் 500 வெள்ளி மிச்சம். டயர் அப்படியில்லை. கார் மைவியைவிட 400 கிலோ போலக் கனம், நான்கும் 38,000 கிலோமீட்டரில் வழுக்கை. இன்ஷுரன்ஸ் 55 சதவீத நோ-கிளைம் கழிவுக்குப் பிறகும் வருஷம் 600 கூட. ரோட்டெக்ஸ் (சாலை வரி) 2025 கடைசி வரை இலவசம், இப்போது மோட்டார் எத்தனை கிலோவாட் என்பதைப் பொறுத்துக் கட்டணம். இன்னொன்று, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் போகிறவர்கள் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். பேட்டரிப் பெட்டி அங்கேதான் படுத்திருக்கிறது, லாரித் தடத்தின் நடுவில் துருத்தி நிற்கும் கல்லுக்கு அது தெரியாது. பல கார்களில் செல்களைத் தனித்தனித் தொகுதியாகப் பிரிக்காமல் நேரே பெட்டியில் அடுக்குகிறார்கள். அடிபட்டால் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது கஷ்டம்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் வருஷத்துக்கு 1,300 வெள்ளி போல மிச்சம். இப்போது மறுவிலை. போன மாதம் ஈப்போவில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் சும்மா விலை கேட்டேன். 58,000 என்றார். இருபத்தேழு மாதத்தில் 42,000 வெள்ளி ஆவி. நான் கார் எடுத்த அதே மாதத்தில் மச்சான் 60,000க்குள் எடுத்த மைவிக்கு அந்த வியாபாரி 47,000 தருகிறாராம். மச்சானுக்கு நஷ்டம் 13,000. வருஷம் 1,300 மிச்சப்படுத்தி இந்த வித்தியாசத்தை நான் எப்போது பிடிப்பது? கோப்பிக்கடை விவாதத்தில் மச்சான் பேட்டரி, பேட்டரி என்று கத்தி நேரத்தை வீணாக்கினார். இதைப் பிடித்திருந்தால் அன்றைக்கே என்னை மடக்கியிருக்கலாம்.

ஏன் இப்படி விழுந்தது? பேட்டரி கெட்டதால் இல்லை. புதுக் கார் விலை இறங்கியது. 2025 அக்டோபரில் உள்ளூர் நிறுவனமான புரோட்டானின் மின்சாரக் கார் இ.மாஸ் 5 அடிப்படை ரகம் 60,000க்குள் வந்த பிறகு, என் பழைய காருக்கு அதற்கு மேல் யார் கொடுப்பார்? மற்றொரு உள்ளூர் நிறுவனமான பெரோடுவாவின் மின்சாரக் கார் கியூவி-இ இன்னொரு வழியில் போனது: கார் 80,000, பேட்டரிக்குத் தனியாக மாதம் 275 வெள்ளி வாடகை, ஒன்பது வருஷம். பேட்டரி பயத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியது போல. மொத்தம் 29,700. எண்ணெயில் எனக்கு மிச்சமாவது மாதம் 130 என்று மேலே சொன்னேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே கேட்டவருக்கு: புதிதாக ஒரு லட்சத்துக்கு எடுக்காதீர்கள், மிச்சத்துக்காக என்றால் நிச்சயமாக வேண்டாம். 60,000 சுற்றி வருகிற உள்ளூர்க் காரை மைவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. முழுசாக இறக்குமதியாகும் கார்களுக்கான வரி விலக்கு 2025 டிசம்பரோடு முடிந்தது, உள்நாட்டில் பொருத்துகிறவற்றுக்கு 2027 கடைசி வரை உண்டு. அதனால் அவசரப்பட வேண்டாம். நான் இன்று வாங்குவதாக இருந்தால் இரண்டு, மூன்று வருஷம் ஓடிய காரைத்தான் தேடுவேன். விலை விழுகிற அடியை முதல் ஆள் வாங்கிக்கொண்டுவிட்டார். சர்வீஸ் மையத்தில் பேட்டரி நலன் அறிக்கை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், காரை ஏற்றி அடிப்பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், உத்தரவாதம் இரண்டாவது ஆளுக்கு மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

என்னுடையதைக் கேட்டு இதற்குள் இரண்டு பேர் செய்தி அனுப்பிவிட்டார்கள். விற்கவில்லை. 42,000 ஏற்கெனவே போயாயிற்று, மீதியை ஓட்டித் தீர்க்கிறேன். அப்புறம், காலை ஐந்தே முக்காலுக்குச் சத்தமில்லாமல் தாமானை விட்டு வெளியேறுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்கு நோட்டில் பத்தி இல்லை.