முப்பது வருஷமாக ஓடும் அரிசி ஆலைக்குப் பக்கத்தில் வீடு கட்டிவிட்டோம். நாற்றம், சத்தம், கரித்தூள் தாங்க முடியவில்லை. புகார் கொடுக்கலாமா?

கேள்வியில் உள்ள விவரம் இதுதான். ஊர் ஓரத்தில் புது லேஅவுட். நான்கு வருஷத்துக்கு முன் மனை வாங்கி, இப்போது மாடி வீடு கட்டிக் குடிவந்திருக்கிறீர்கள். ஏறக்குறைய 150 மீட்டரில் முப்பது வருஷப் புழுங்கல் அரிசி ஆலை. ஊறல் நாற்றம், ராத்திரியில் ப்ளோயர் சத்தம், மொட்டை மாடியில் கரித்தூள். போய்க் கேட்டால் "நாங்க இங்க இருக்கிறது தெரிஞ்சுதானே வந்தீங்க" என்கிறார்கள்.

புகார் கொடுக்கலாம். ஆனால் எதன் மேல் கொடுக்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். "ஆலையை மூடு" என்று எழுதுகிற மனு பெரும்பாலும் ஒரு மேஜையைத் தாண்டாது. தாண்டவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆரணி, காங்கேயம், செங்குன்றம், தஞ்சை வட்டாரங்களில் மூட்டை தூக்குபவர்கள், களத்தில் நெல் கிளறும் பெண்கள், லாரிக்காரர்கள் என்று எத்தனையோ குடும்பங்கள் இந்த ஆலைகளை நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன. அதே சமயம், நெல் அவிக்கும்போது வருகிற வாசனையும் அழுகல் நாற்றமும் ஒன்றல்ல. முன்னதைத் தொழிலிலிருந்து பிரிக்க முடியாது. அழுகல் நாற்றம் பராமரிப்பு கெட்டதால் வருவது, அதைச் சரிசெய்யச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

"முதலில் வந்தவர் யார்" என்ற வாதத்துக்குச் சட்டத்தில் ஓரளவு இடம் உண்டு, இரண்டு பக்கமும் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1879-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கில், மிட்டாய் செய்பவர் ஒருவர் 20 வருஷத்துக்கு மேல் உரலில் இடித்துக்கொண்டிருந்த இடத்தை ஒட்டி, பக்கத்து மனை மருத்துவர் பின்னால் வந்து ஆலோசனை அறை கட்டினார். சத்தம் தாங்காமல் வழக்குப் போட்டார், ஜெயித்தார். ஆனால் அதே தீர்ப்பு, லண்டனில் பணக்காரர்கள் குடியிருந்த பெல்கிரேவ் சதுக்கத்தில் தொந்தரவாக இருப்பது பெர்மாண்ட்சியில் தொந்தரவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்றும் சொன்னது. பெர்மாண்ட்சி அன்று தோல் பதனிடும் பகுதி. ஆகவே நீங்கள் இருக்கும் இடம் எந்த வகை என்பது முக்கியம். மாஸ்டர் பிளானில் உங்கள் சர்வே எண் குடியிருப்பா, தொழிற்பகுதியா, கலப்பா என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இதைவிட உதவக்கூடிய ஒரு வரி 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்தில் (பிறர் நிலத்தின் மேல் ஒருவருக்குள்ள அனுபவ உரிமைகள் பற்றியது) இருக்கிறது. 20 வருஷம் தடையில்லாமல் செய்துவந்ததால் காற்றையோ தண்ணீரையோ மாசுபடுத்தும் உரிமை ஒருவருக்குக் கிடைத்தாலும், அந்தக் காலக்கெடு தொடங்கியபோது எவ்வளவு மாசு இருந்ததோ அந்த அளவுக்குத்தான் உரிமை என்கிறது 28-ஆம் பிரிவு. அன்று 4 டன் அவித்த ஆலை இன்று 40 டன் அவித்தால், மீதி 36 டன்னுக்கு "முப்பது வருஷமா இருக்கோம்" என்ற பதில் செல்லாது. ஊருக்கே பொதுத் தொல்லை என்ற நிலை வந்துவிட்டால், எத்தனை வருஷப் பழக்கமும் அதை உரிமையாக்காது. இதற்கெல்லாம் மேலே, 1974-ஆம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டம், 1981-ஆம் வருஷத்துக் காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (ஆலை இயங்க எழுத்து அனுமதி) வேண்டும், அது செல்லுபடியாகும் நிலையில் இருக்கவும் வேண்டும். பழைய ஆலை என்று அதில் விலக்கு கிடையாது. பிரான்சில் 2021 ஜனவரியில், கிராமப்புறத்தின் ஓசைகளையும் மணங்களையும் மரபுச் சொத்தாக ஏற்று ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். இங்கே ஆலைக்காரருக்கு அப்படி ஒரு கவசம் இல்லை. அவருக்குக் கவசம் இசைவாணை மட்டும்தான்.

இனி நாற்றத்துக்கு வருவோம். பழைய முறையில் நெல்லைச் சிமெண்ட் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஊறப்போடுவார்கள். நெல்லிலிருந்து கசியும் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று புளிக்க வைக்கின்றன, ஊறல் நாற்றம் அதிலிருந்துதான். 85 டிகிரிக்குச் சூடாக்கிய தண்ணீரைத் தொட்டியில் விட்டு, நெல்லோடு கலந்தபின் 70 டிகிரி அளவில் நிறுத்தினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஊறிவிடும். அந்தச் சூட்டில் நுண்ணுயிர் பெருகாது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. பாய்லரும் உமியும் ஏற்கெனவே உள்ள ஆலைக்கு இது பெரிய மாற்றமல்ல. ஆனால் இந்த முறைக்கு மாறிய ஆலையிலும் நாற்றம் வரும். முக்கியக் காரணம் ட்ரையர். ஊறப்போடுகிற அளவுக்கு உலர்த்தும் வசதி இல்லையென்றால் ஊறின நெல் தொட்டியிலேயே காத்துக்கிடக்கும். மின்சாரம் போனாலும், மழை பிடித்துக் களத்தில் காயவைக்க முடியாமல் போனாலும் இதே கதைதான்.

அடுத்தது ஊறத்தண்ணீர். ஒரு டன் நெல்லுக்கு ஏறக்குறைய 1,000 முதல் 1,300 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் பெரும்பகுதி, பழுப்பாக, சர்க்கரையும் மாவுச்சத்தும் கலந்து வெளியேறும். ஓடிக்கொண்டிருக்கும்போது லேசான புளிப்பு வாடைதான். வாய்க்காலிலோ பள்ளத்திலோ ஓரிரண்டு நாள் தேங்கினால் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், கொசுவும் சேரும். உங்கள் வீட்டுக்கு வருவது எந்த வாடை என்று கவனியுங்கள். புளிப்பு என்றால் தொட்டியைப் பார்க்க வேண்டும். முட்டை நாற்றம் என்றால் கழிவுநீர் எங்கோ தேங்குகிறது, அல்லது சுத்திகரிப்புத் தொட்டியின் காற்றுப் பம்ப் ஓடவில்லை. இந்த இரண்டாவதைச் சில நாளில் சரிசெய்யலாம், தொழிலுக்கு எந்த நஷ்டமும் இல்லை. பல ஊர்களில் சண்டை முழுக்க இந்த ஒரு பள்ளத்தைச் சுற்றியே நடக்கிறது, அதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

கரித்தூளையும் இப்படியே பிரியுங்கள். ஒரு வெள்ளைத் தட்டில் மெல்ல எண்ணெய் தடவி 24 மணி நேரம் மொட்டை மாடியில் வையுங்கள். கறுப்பாக, விரலில் அப்பிக்கொள்வதாக, உமியின் படகு வடிவம் இன்னும் தெரிவதாக இருந்தால் அது சரியாக எரியாத உமி. உமி ஈரமாக இருந்திருக்கும், அல்லது அளவுக்கு மீறிக் கொட்டியிருப்பார்கள், அல்லது அடுப்புக்குக் காற்று போதவில்லை. சாம்பல் நிறத்தில் நறநறவென்று இருந்தால் எரிந்து முடிந்த சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா, அதனால் கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சாம்பல் வெளியே வருகிறதென்றால் பாய்லர் புகையில் தூசி பிடிக்கும் சைக்ளோனைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் அடியில் உள்ள வால்வு தேய்ந்து காற்று கசிந்தால், கீழே விழுந்த தூளைக் காற்று மறுபடி மேலே தூக்கிப் புகைபோக்கி வழியாக அனுப்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சைக்ளோன் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். இன்னொரு இடம் சாம்பல் குவியல். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். 40 டன் ஆலை தன் உமி முழுவதையும் எரித்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை டன்னுக்குக் குறையாமல் சேரும். அது திறந்து கிடந்தால் ஆடிக்காற்றுக்குப் புகைபோக்கி தேவையே இல்லை.

சத்தத்தில் எல்லா இயந்திரமும் குற்றவாளி அல்ல. ராத்திரியில் தூரம் கடந்து வருவது பெரும்பாலும் உமி இழுக்கும் ப்ளோயரின் ஊளை. உமி இரும்பையே அரிக்கும். இறக்கைகள் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தோ, தவிட்டுத் தூசி ஒரு பக்கம் படிந்தோ சமநிலை போனால் அதிர்வு கட்டடத்துக்கே பரவும். இறக்கையைச் சுத்தம் செய்து சமன்படுத்துவது, அடியில் ரப்பர் பேடு, குழாய்க்கும் ப்ளோயருக்கும் நடுவே கேன்வாஸ் இணைப்பு, வெளிவாயில் சைலன்சர்: இந்த வரிசையில் கேளுங்கள். ஜெனரேட்டர் என்றால் கூண்டுக் கதவைத் திறந்துவைத்து ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். சூடு தாங்காமல் திறப்பார்கள், திறந்தால் கூண்டு இருந்தும் பயனில்லை. "நாலு மரம் நட்டுத் தர்றோம்" என்றால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு வரிசை மரம் சத்தத்தைக் குறைக்காது. மதில் சுவர் தரைத்தளத்துக்கு உதவும், மாடிக்கு உதவாது.

2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல். தொழிற்பகுதிக்கு 75, 70. புகாருக்கு அளவுகோல், வரம்பை 10 டெசிபெல்லோ அதற்கு மேலோ தாண்டியிருப்பது. போன் செயலியில் எடுக்கும் அளவு சான்றாகாது, ஆனாலும் வாரியத்தின் கருவி வரவேண்டிய நேரம் எது என்று அதுதான் காட்டும். ஃபேனை நிறுத்திவிட்டு, சுவரிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி நின்று, 15 நிமிஷச் சராசரி எடுங்கள். ஆலை ஓடாத ஒரு ராத்திரியிலும் எடுங்கள், இல்லாவிட்டால் பைபாஸ் லாரிச் சத்தத்தை ஆலைக் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

ஒரு நோட்டில் ஆறு வாரம் குறித்துவையுங்கள்: தேதி, மணி, எந்த வாடை, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கம். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று என்பதால் ஆலைக்கு வடகிழக்கே உள்ள வீடுகள் அப்போது அவதிப்படும். ஐப்பசிக்குப் பிறகு காற்று திரும்பி எதிர்ப்பக்கம் அடிக்கும். மார்கழி, தை விடியற்காலையில் காற்று அசையாமல் குளிர்ந்து படிவதால் புகையும் நாற்றமும் தரையோடு தங்கும். உங்கள் குறிப்பு இந்த ஒழுங்கோடு பொருந்தினால் யாரும் அதைத் தள்ள முடியாது.

அந்த நோட்டோடு முதலில் முதலாளியைப் போய்ப் பாருங்கள். சம்பா நெல் வந்து குவியும் தை, மாசியில் போகாதீர்கள், அப்போது அவருக்குக் கேட்க நேரம் இருக்காது. பத்துப் பேர் கூட்டமாகப் போகாமல் இரண்டு மூன்று பேர் போதும். பள்ளத்தைத் தூர்ப்பது, சைக்ளோன் வால்வு, ராத்திரி ப்ளோயர் என்று மூன்றே வேலை கேளுங்கள், தேதி கேளுங்கள். ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்திரியையும் கூட வைத்துப் பேசுவது நல்லது. கோளாறு எங்கே என்று முதலாளியைவிட அவருக்குத் தெரியும்.

நடக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, இசைவாணை நகல், அனுமதித்த உற்பத்தி அளவு, புகைபோக்கி உயரம், கடைசி ஆய்வறிக்கை ஆகியவற்றை வாரியத்திடம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கையில் அது வந்தபின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும் மனுவில் "நாற்றம் அடிக்கிறது" என்று எழுத வேண்டாம். "இசைவாணையின் இந்த நிபந்தனை மீறப்படுகிறது" என்று எழுதலாம். கோட்டாட்சியரிடம் போவதென்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு. அது ஊர் மக்களின் உடல்நலம், வசதி பற்றியது. அதனால் ஒரே வீட்டின் மனு பலவீனம், தெருவே கையெழுத்துப் போட வேண்டும், பழைய குடிகளும் சேர்ந்தால் இன்னும் வலு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே மனு போடக் கெடு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். "பேசிப் பார்ப்போம்" என்று இரண்டு வருஷம் போனபின் அந்தக் கதவைத் தட்டுபவர்கள் நிறைய.

வீட்டுப் பக்கமும் கொஞ்சம் செய்துகொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி மூடியை இறுக்கிப் போடுங்கள். ஆலைப் பக்கச் சன்னல்கள் நகர்த்தும் வகையாக இருந்தால் கதவு வகைக்கு மாற்றி, ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். சமையலறை எக்சாஸ்ட் ஓடும்போது வீடு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டியது ஆலைக்கு எதிர்ப்பக்கச் சன்னல். அந்தி நேரத்தில் விளக்கைத் தேடி வரும் சிறு செவ்வண்டுகள் சேமித்த தவிடு, அரிசியிலிருந்து வருபவை. ஆலைப் பக்கம் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு போட்டால் குறையும்.

இதைப் படிப்பவர்களில் இன்னும் மனை வாங்காதவர்கள் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு புரோக்கரோடு போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். அறுவடை முடிந்த மாசத்தில் ஒரு தரம், விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தரம், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தரம் தனியாகப் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். பக்கத்துப் பழைய வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டியிடம் எந்த மாசத்தில் துணியை வெளியே காயப்போட மாட்டார்கள் என்று கேளுங்கள்.