உள்நாட்டில் செய்த கத்தியும் சட்டி பானையும் வீட்டுச் சமையலுக்குத் தாங்குமா, வெளிநாட்டுச் செட் வாங்குவதுதான் நல்லதா?

கத்தி என்றால் யோசிக்காமல் உள்ளூர்ப் பட்டறையில் அடித்ததை வாங்குங்கள். சட்டி பானை என்றால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நீங்கள் புதுக் குடித்தனம் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் செட்டாக வாங்கலாமா என்று கேட்டிருக்க மாட்டீர்கள். மீன், மரக்கறி, வெங்காயம் என்று நாம் வெட்டுகிற அத்தனைக்கும் ஒரு பெரிய கத்தியும் ஒரு சின்னக் கத்தியும் போதும்.

எங்கள் வீடு இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில். என் பெரிய கத்தி ஊர்க் கொல்லர் பழைய லொறி வில்லுத்தகட்டில் அடித்துத் தந்தது. கறுப்பாக, சுத்தியல் தழும்போடு இருக்கும். வாங்கிய அன்று எனக்கும் சந்தேகம்தான். “இது வீட்டுக்குச் சரிவருமா மாமா?” என்று கேட்டேன். “லொறிக்குக் கீழ கிடந்து மூட்டை மூட்டையா நெல்லுத் தாங்கின தகடு புள்ள, உன்ட கத்தரிக்காய்க்குத் தாங்காதா?” என்றார்.

அவர் சும்மா சொல்லவில்லை. வில்லுத்தகடு என்பது 0.6 வீதம் அளவில் கரிமம் உள்ள உருக்கு. சிரட்டைக்கரி உலையில் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால் நன்றாக இறுகும். தோய்த்த பிறகு இலேசாகத் திரும்பச் சூடுகாட்ட வேண்டும், அதில்தான் கைப்பழக்கம். இறுக்கம் கூடினால் கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, உடையும், குறைந்தால் வாய் மடங்கும். கடையில் பளபளவென்று தொங்குகிற மலிவு எவர்சில்வர் கத்திகளில் பாதி இப்படி மடங்குகிற சாதிதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சுவிஸிலிருந்து வந்த மச்சாள் ஒரு மரக்கட்டையில் செருகிய கத்திச் செட்டும் கண்ணாடிப் பலகையும் கொண்டுவந்தா. என் கத்தியைக் கண்டு, “இன்னும் இந்தத் துருப்பிடிச்சதையா வச்சிருக்கிறாய்?” என்று சிரிச்சா. அது துரு இல்லை. அன்று வாழைப்பொத்தி அரிந்திருந்தேன், அதன் கயர் இரும்பில் பட்டால் அலகு கறுக்கும். பொத்தியும் கறுக்கும், அதனால் அரிந்தவுடன் மஞ்சள் தண்ணீரில் போட்டுவிடுவேன். தேசிக்காயும் மாங்காயும் அப்படித்தான். இதையெல்லாம் சொன்னேன், அவவுக்குக் காதில் ஏறவில்லை.

அடுத்த நாள் வாவியில் பிடித்த கொடுவா ஒன்று வந்தது, நல்ல பெரிசு. மச்சாள் தன் செட்டில் இருந்த மெல்லிய கத்தியை எடுத்துத் தலையைப் பிளக்கப் போனா. டிக் என்று ஒரு சத்தம். பார்த்தால் வாயில் பிறைத்துண்டு மாதிரி ஒரு சில்லு போயிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. என் கத்தியை எடுத்து நடுமண்டையில் வைத்து, முதுகில் அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டினேன். தலை இரண்டாகிவிட்டது.

உடனே வந்து “வெளிநாட்டுக் கத்தி கூடாது என்கிறாளா” என்று எழுதாதீர்கள். அந்தக் கத்தியில் குற்றமில்லை. அவ்வளவு மெல்லிசாகத் தீட்டிய இறுகிய உருக்கை எலும்பில் போடக்கூடாது. வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் அது பூப்போலப் போகும், நானே இன்றும் பாவிக்கிறேன். கண்ணாடிப் பலகையை மட்டும் மூலையில் போட்டுவிட்டேன், எந்தக் கத்தியின் கூர்மையையும் அது தின்றுவிடும். ஆனால் அந்தச் சில்லை எடுத்துத் தர இங்கே யாரிடம் கொண்டுபோவது? என் கத்தி மழுங்கினால் சைக்கிள் எடுத்துக்கொண்டு போனால் அடித்தவரே தீட்டித் தருவார்.

இதோடு இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நம் குசினியைப் பார்த்துச் சிரிப்பார்கள், போகும்போது மட்டும் வறுத்து இடித்த மிளகாய்த்தூளும் கருவாடும் கிலோக்கணக்கில் கட்டித் தரவேண்டும். செத்தல் மிளகாய் என்ன விலை என்று ஒருவரும் கேட்பதில்லை. பெட்டி நிறை கூடிவிட்டால் எங்களுக்குத்தான் ஏச்சு. சரி, விடுங்கள்.

சட்டி பானைக்கு வருகிறேன். உள்ளூர் அலுமினியப் பானைகளில் நல்லதும் உண்டு, தகரம் மாதிரி மெல்லிசும் உண்டு. கையில் தூக்கிப் பாருங்கள், அடி தடித்திருக்க வேண்டும். புளி விட்ட கறியை அதில் இரவு முழுக்க வைக்காதீர்கள், புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கும். மீன் ஆணத்துக்கு மண்சட்டிதான். கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்குப் போகிறவர்கள் அப்படியே வாங்கி வரலாம். விரலால் தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும், மந்தமாகக் கேட்டால் எங்கோ வெடிப்பு. ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிவிட்டுப் பாவியுங்கள். 2022இல் காஸ் இல்லாமல் எல்லோரும் விறகுக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் மண்சட்டியும் இரும்புத் தாச்சியும்தான் ஓடின, பூச்சுப் பூசிய தாச்சிகளை அந்த நெருப்பில் வைக்கவே முடியாது. மின்காந்த (இன்டக்ஷன்) அடுப்பு வைத்திருந்தால் மண்ணும் வெறும் அலுமினியமும் அதில் சூடேறாது, இரும்புத் தாச்சி ஏறும்.

இரும்புக் கத்தியைக் கழுவி உடனே துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். பட்டறைக்குக் காலையிலேயே போங்கள், மத்தியான வெயிலில் யாரும் உலை மூட்டமாட்டார்கள். பிடியை உங்கள் கைக்கு அளந்து போடச் சொல்லுங்கள். அங்கே அடித்துத் தொங்கவிட்டிருக்கும் கத்திகளின் பிடி எல்லாம் சமையலே செய்யாத ஆம்பிளைகளின் கைக்கு அளந்தது.