கேஸில் ஓடும் பழைய அம்பாசடருக்கு எந்த வால்வு சீட் ரிங் போடலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பெட்ரோல் அம்பாசடருக்கு எல்.பி.ஜி. கிட் போட்டு ஒரு வருடமாகிறது, எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வின் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விடும் சந்து, வைக்க வைக்கக் குறைந்துகொண்டே போகிறது, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் சீட் ரிங் (மூடும்போது வால்வு வந்து உட்காரும் உலோக வளையம்) அடிக்கச் சொல்கிறார் மெக்கானிக், கடையில் மூன்று விலையில் மூன்று ரகம் காட்டுகிறார்கள், இருப்பதிலேயே கடினமானதை வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். கோவையில் இருபத்திரண்டு வருடமாக ஹெட் வேலை மட்டும்தான் செய்கிறேன், கேஸ் வண்டிக்காரர்கள் பாதிப் பேர் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். சீட் தேய்கிறது, தேயாத இரும்பைப் போடுவோம் என்ற கணக்கு பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் சீட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் சூட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் போகிறது, மிச்சம் தண்டு வழியாக, அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்கு. இதை மறந்துவிட்டு ரிங் வாங்கினால் ரிங் அப்படியே இருக்கும், வால்வு கருகிவிடும்.

உங்கள் வண்டியில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜினின் ஹெட் வார்ப்பிரும்பு, அதில் தனியாக ரிங் கிடையாது, ஹெட் இரும்பிலேயே சீட் வெட்டியிருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் எரிந்த ஈயம் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து மெத்தை மாதிரி இருந்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டது. கேஸ் அதற்கும் மேலே, உலர்ந்த எரிபொருள், சீட்டில் எதையும் படியவிடாது. 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு நிமிடத்துக்கு 1500 தடவை வெறும் இரும்பில் வந்து உட்காருகிறது. அந்தச் சூட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒட்டிப் பிய்ந்து வருகின்றன, பிய்ந்த துணுக்குகள் வால்வு முகத்தில் ஒட்டிக்கொண்டு அரம் மாதிரி சீட்டை ராவுகின்றன. வால்வு ஹெட்டுக்குள் இறங்க இறங்கத் தண்டு மேலே வரும், டேப்பட் இடைவெளி சுருங்கும். இடைவெளி சுத்தமாகப் போய்விட்டால் வால்வு முழுசாக மூடாது, மூடாத வால்வு சூட்டை இறக்கி வைக்க இடமில்லாமல் ஒரு ஓரமாக எரிந்துபோகும். கழற்றியதும் நடுவில் இருக்கும் இரண்டு எக்ஸாஸ்ட்டையும் பாருங்கள், இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு ஒரே எக்ஸாஸ்ட் போர்ட் என்பதால் சூடு அங்கேதான் அதிகம், பெரும்பாலும் அவைதான் அதிகமாக இறங்கியிருக்கும்.

சரி, ரகத்துக்கு வருவோம். சாதா வார்ப்பிரும்பு ரிங் விலை குறைவு, ஆனால் கேஸுக்கு அதைப் போட்டால் இப்போது இருக்கும் நிலைமைக்கே திரும்பி வருவீர்கள். விலை உச்சத்தில் இருக்கும் ஸ்டெல்லைட் கோபால்ட் கலவை, தேயவே தேயாது என்று சொல்லலாம், ஆனால் அது சூட்டைக் கடத்துவது வார்ப்பிரும்பு கடத்துவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், வெட்டுவதும் கஷ்டம். நாள் முழுக்க முழு லோடில் ஓடும் பெரிய கேஸ் இன்ஜினுக்கு அது வேண்டும், ஊருக்குள் ஓடும் அம்பாசடருக்கு வேண்டாம். நான் உங்களுக்குச் சொல்வது நடுவில் இருக்கும் சின்டர்டு ரிங், அதாவது உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சுட்டு எடுப்பது. அதிலும் செம்பு ஊட்டியது என்று கேட்டு வாங்குங்கள், அந்தச் செம்புதான் சூட்டை வேகமாக இழுத்துக்கொண்டு போகும். நாலு எக்ஸாஸ்ட்டுக்குப் போட்டால் போதும். இன்லெட்டை உள்ளே வரும் காற்றே குளிர வைத்துவிடும், தேய்ந்திருக்கவில்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

புது ரிங்கில் பழைய மென்மையான வால்வு உட்கார்ந்தால் அப்புறம் வால்வுதான் தேயும். எக்ஸாஸ்ட் வால்வு 21-4என் என்ற சூடு தாங்கும் ஸ்டீலில் வாங்குங்கள். கடையிலேயே ஒரு காந்தத்தை வால்வின் தலையில் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. தண்டில் ஒட்டலாம், அது வேறு ஸ்டீலை இணைத்துச் செய்தது, தப்பில்லை. தலையில் பச்சக்கென்று ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடிப்பதில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். இதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கேஸ் வேனின் அலுமினிய ஹெட்டுக்கு, வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு வைக்கிற அதே 0.08 மி.மீ. இறுக்கத்தில், அதாவது அது உட்காரும் குழியைவிட ரிங் அவ்வளவு பெரிதாக இருக்கும்படி, ரிங் அடித்து அனுப்பினேன். இரண்டு மாதத்தில் ஒரு ரிங் கழன்று விழுந்து பிஸ்டன் உடைந்து வண்டி கட்டி இழுத்து வந்தது, ஹெட்டும் பிஸ்டனும் என் செலவு. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 35 மி.மீ. ரிங், 150 டிகிரி சூடு ஏறினால் அலுமினியக் குழி ரிங்கைவிட 0.06 மி.மீ. கூடுதலாக விரிகிறது. நான் வைத்த இறுக்கத்தில் மிஞ்சியது 0.02. அன்றிலிருந்து அலுமினியத்துக்கு 0.13க்குக் குறைந்து நான் வைத்ததில்லை. உங்களுடையது வார்ப்பிரும்பு, 0.08 முதல் 0.10 போதும்.

பட்டறையில் நீங்கள் கூட நின்று பார்க்க வேண்டியது சில உண்டு. முதலில் கைடு, ஏனென்றால் குழி வெட்டும் டூல் கைடில்தான் சென்டர் பிடிக்கிறது, கைடு ஆடினால் குழியும் கோணல். அடுத்து இரண்டு சீட்டுக்கு நடுவில் விரிசல் இருக்கிறதா என்று சிவப்புச் சாயம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், இந்த ஹெட்டில் அது அடிக்கடி வரும், விரிசலோடு ரிங் அடிப்பது காசைக் கரைப்பது. ரிங்கின் வெளிவிட்டம் வால்வு தலையைவிட இரண்டரை, மூன்று மி.மீ. பெரிதாக இருக்கட்டும், அதற்கு மேல் போனால் குழி தண்ணீர்ப் பாதையைத் தொட்டுவிடும். குழியின் அடி மட்டமாக இருக்க வேண்டும், ரிங் அடியில் முழுசாக உட்கார்ந்தால்தான் சூடு இறங்கும். ஹெட்டைச் சூடு பண்ணி, ரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்து ஒரே மூச்சில் அடிப்பார்கள், காதைக் கொடுங்கள்: இறங்கும்போது தொப்தொப்பென்று கேட்கும், அடியைத் தொட்டதும் கணீரென்று சத்தம் மாறும். அந்தச் சத்தம் வராத ரிங்கைப் பிடுங்கி மறுபடி பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

பிறகு 45 டிகிரியில் சீட் வெட்டும்போது எக்ஸாஸ்ட்டின் அகலம் ஒன்றரையிலிருந்து இரண்டு மி.மீ.க்குள் இருக்கட்டும். மைலேஜுக்காக ஒரு மி.மீ.க்குச் சுருக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கேஸுக்கு அது ஆகாது. நீலச் சாயம் தடவி வால்வைச் சுற்றினால் முகத்தின் நடுவில் உடையாத ஒரு வளையம் விழ வேண்டும், மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் ஒரு சொட்டு கசியக் கூடாது.

வண்டி ஓடத் தொடங்கியதும் கேஸ் கலவையை ரொம்ப மெலிதாக வைக்க விடாதீர்கள், அந்தச் சூடு எந்த ரிங்கையும் தின்றுவிடும். ஆயிரம் கிலோமீட்டரில் டேப்பட் பாருங்கள், அப்புறம் ஐயாயிரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் எட்டு வால்வின் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த வால்வு இறங்குகிறது என்று அந்த நோட்டே காட்டிக் கொடுத்துவிடும், ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.