மண்ணுக்குள் செப்புக் குழாய்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: இணையக் காணொளி பார்த்து, மண்ணுக்குள் இருக்கும் செப்புக் குழாயில் தோட்டத்துக்கு ஒரு கிளை எடுக்கலாமா? (சிங்கப்பூர் ஈசூன், தரைவீடு)

கூடாது. குழாய்த் திருகை நீங்களே மாற்றலாம். ஆனால் மண்ணுக்குள் கிளை எடுக்க உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும்.

கேள்வி: மீட்டரிலிருந்து வரும் குழாயை ஒப்பந்தக்காரர் கம்ப்ரஷன் இணைப்பால் (பற்றவைக்காமல், நட்டை முறுக்கிப் பூட்டும் இணைப்பு) சேர்த்து, மேலே சிமெண்ட் போட்டுவிட்டார். இப்போது தண்ணீர்க் கட்டணம் ஏறுகிறது. "மண்ணுக்குள் போனதற்கு உத்தரவாதம் இல்லை" என்கிறார். (சிராங்கூன் கார்டன்ஸ்)

உங்கள் மேல் தப்பே இல்லை. மண்ணுக்குள் போகும் வேலைக்குத்தான் கூடுதல் உத்தரவாதம் தர வேண்டும்.

கடையில் கிடைக்கும் சாதாரண கம்ப்ரஷன் இணைப்பு 'ஏ' வகை. ஆலிவ் எனப்படும் வளையம் குழாயைக் கவ்வுவது மட்டுமே அதன் பிடிமானம். மண் அமுங்கினால் குழாய் மெல்ல உருவிக்கொள்ளும். மண்ணுக்குள் போட வேண்டியது 'பி' வகை: குழாயின் முனையையே விரித்து நட்டுக்குள் பூட்டுவார்கள், இழுத்தாலும் வராது. பித்தளையில், அரிப்பைத் தாங்கும் என்பதைக் காட்டும் 'சிஆர்' முத்திரையும் வேண்டும். அது இல்லாத பித்தளையில் நாளடைவில் துத்தநாகம் கரைந்துபோய், மிஞ்சும் செம்பு நொய்ந்து உதிரும். எனக்கும் ஒரு கடையில் முத்திரையில்லாத வால்வைத்தான் "நல்ல சரக்கு" என்று தலையில் கட்டினார்கள். பற்றவைப்பதானால் ஈயமில்லாத பற்று (சால்டர்); குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் சூடு ஏறாது, பற்று ஓடாது. எந்த இணைப்பானாலும் அழுத்தச் சோதனை முடிந்த பிறகே மண்ணை மூட வேண்டும். இதைச் செய்யாமல் சிமெண்ட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

முதலில் வீட்டுக்குள் நுழையும் வால்வை மூடுங்கள். அப்போதும் மீட்டர் ஓடினால் கசிவு மண்ணுக்குள்தான். வேறொரு உரிமம் பெற்ற பிளம்பரை வைத்துத் தோண்டி, படமெடுத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கழற்றிய இணைப்பைத் தூக்கிப் போடாதீர்கள். கேஸ் எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம்.

கேள்வி: பழைய முக்கால் அங்குலக் குழாய்க்கு 22 மி.மீ. இணைப்பு வாங்கினேன். ஒழுகுகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

அளக்காமல் வாங்கினால் கடைக்காரர் என்ன செய்வார்? அரை அங்குலத்துக்கு 15, ஒரு அங்குலத்துக்கு 28 பொருந்தும். முக்காலுக்கு 22 அப்படியே பொருந்தாது. அதற்கென்று தனி ஆலிவ் விற்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: செம்பிலிருந்து நீல பாலி (பிளாஸ்டிக்) குழாய்க்கு மாறும்போது உள்ளே செருகும் குழல் அவசியமா? பிளம்பர் வேண்டாம் என்கிறார்.

அவசியம். அது இல்லாவிட்டால் நட்டை முறுக்கும்போது பாலி நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். பிளம்பரை மாற்றுங்கள்.